நடுக்களத்தில் நின்ற அனிபால்

செய்தி வந்தபோது நான் ரங்கூனின் போட்டாதாங் பகுதியில், நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில் நின்று லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் இப்ராகிம் பாய். லத்தா பகுதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர்; நான் ஆடிய கால்பந்து கிளப்புக்குச் சட்டையும் பந்தும் கொடுத்துவந்தவர். தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் முதலில் எதுவும் கேட்கவில்லை.

"செல்வம், எங்க இருக்க?"

"கோடவுன்ல பாய். மழை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"சத்தமாச் சொல்ற விஷயம் இல்ல தம்பி. நம்ம அனி கிளம்பிட்டாரு."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எந்த விமானம், எப்போது வந்து இறங்குகிறார் என்று கேட்டேன். பல மாதங்களாக அனிபால் எங்களிடம் "கிளம்பிவிடுவேன், கிளம்பிவிடுவேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.  மறுமுனையில் பாய் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அனிபாலின் மகள் லூசியா பாய்க்குச் செய்தி அனுப்பியிருந்தாள். உருகுவேயில், அவர் பிறந்த ஊரின் ஆஸ்பத்திரியில், உறக்கத்திலேயே போய்விட்டார். நோய் இருந்தது எங்களுக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூரியகாந்தி விதை கொறித்தபடி மைதானத்துப் படிகளில் உட்கார்ந்து அவரைத் திட்டியவர்களும், பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கத்தியவர்களும் உங்களில் இருப்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நடுக்கள ஆட்டக்காரர் நம் ஊரில் ஆடினார், பிறகு பயிற்சியாளராக இருந்தார், திரும்பிப் போனார் என்று சொன்னால் அவர் கதை முடிந்துவிடும். நாங்கள் கண்ட மனிதர் அந்தச் சுருக்கத்துக்குள் இல்லை.

அவர் வந்ததும் மழைக்காலத்தில்தான். முப்பதைத் தாண்டிய வயது, லேசான தொந்தி, வலது முழங்காலில் கட்டு. பயிற்சி மைதானம் குளமாகக் கிடந்தது. வேறு வெளிநாட்டுக்காரர் யாராவது என்றால் அறைக்குத் திரும்பியிருப்பார். இவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்து மைதானத்தின் நடுவில் போய் நின்றார். எங்கள் கோல்கீப்பர் கோ தெட் என்னிடம் பர்மிய மொழியில், "இந்தத் தாத்தாவை எங்கே பிடித்தார்கள்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அனிபாலுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆட ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் ஓடவே இல்லை. பந்து அவரிடம் வந்தது; போக வேண்டிய இடத்துக்குப் போனது. எங்கள் அணியில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அன்று முதல் அவருக்கு வாயும் காதும் நானே ஆனேன். பயிற்சி முடிந்ததும், எப்படி ஓடாமலேயே ஆடுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"பந்து வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். வந்த பிறகு பார்ப்பது வருத்தப்படுவதற்கு மட்டும்தான் உதவும்" என்றார்.

அதைப் பர்மிய மொழியில் சொன்னபோது பையன்கள் கை தட்டிச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அவர் ஊரில் மாத்தே என்று ஒரு பச்சிலையைச் சுரைக்குடுக்கையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார்களாம். கொண்டுவந்த இலை சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. மனிதர் வாடிப்போனார். இப்ராகிம் பாய்க்கு அது பொறுக்கவில்லை. லத்தாவில் சீனர்களின் தேயிலைக் கடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்தார். ஒவ்வொன்றையும் அனிபால் குடுக்கையில் போட்டு, கண்ணை மூடி உறிஞ்சுவார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். கடைசியில் ஷான் மலையிலிருந்து வந்த ஒரு கசப்புத் தேயிலையைக் குடித்துவிட்டுக் குடுக்கையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னப்பா, புடிச்சிருக்கா இல்லையா? கேட்டுச் சொல்லு" என்றார் பாய்.

கேட்டேன். "இது அது இல்லை" என்றார் அனிபால். "ஆனால் இதைக் குடிக்கும்போது அதை நன்றாக நினைக்க முடிகிறது."

நான் மொழிபெயர்த்ததும் பாய் தன் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். "பாவம்யா மனுஷன்" என்றார். அதன் பிறகு அந்தத் தேயிலை அவர் அறையில் இல்லாமல் போனதே இல்லை.

இரண்டு பருவம் ஆடினார். முழங்கால் முழுக்கக் கைவிட்ட பிறகு, கிளப் முதலாளி அவரையே பயிற்சியாளராக இருக்கச் சொன்னார். என்னைத் துணைக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் சரி என்றார் அனிபால். ஆடும்போது அவரை அனி என்று அழைத்தவர்கள் எல்லாரும் மறுநாளிலிருந்து சயா என்று அழைத்தார்கள். பர்மிய மொழியில் வாத்தியாருக்கும் பயிற்சியாளருக்கும் அதுதான் சொல். பாயும் நானும் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

அவர் பயிற்சியாளரான முதல் பருவம் மோசமாகப் போயிற்று. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே மேல் பிரிவில் தங்கியிருக்கலாம் என்ற நிலை. ஆட்டம் முடியும் தறுவாயில், ஆபத்தே இல்லாத ஒரு பந்து கோ தெட்டின் கையுறைகளுக்கு நடுவில் வழுக்கி, கால்களுக்கு இடையில் புகுந்து உள்ளே உருண்டுபோனது. நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். படிகளிலிருந்து பறந்துவந்த தண்ணீர் பாட்டில்களில் ஒன்று கோ தெட்டின் தோளில் பட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதன்பின் அவர் பயிற்சிக்கு வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. மலேசியாவுக்கு வேலைக்குப் போக ஆள் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். முதலாளி வேறு கோல்கீப்பரைத் தேடச் சொன்னார். அனிபால் அதற்குப் பதில் சொல்லாமல் என்னிடம், "அவன் வீடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன வீடு. கோ தெட்டின் மனைவி மா கின் எங்களைப் பாயில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். கணவர் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் கையால் காட்டினாள். கூப்பிட்டோம். வரவில்லை.

அனிபால் தட்டியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அவர் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்வார், நிறுத்துவார். நான் அதைப் பர்மிய மொழியில் தட்டியிடம் சொல்வேன். அவர் ஊர் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை அர்ஜென்டினா. அங்கே ஒரு சின்ன கிளப். அவருடைய அப்பா சுவர் வெள்ளையடித்த கிளப். இருபது வயதைத் தாண்டியிருந்த சமயம், அந்தக் கிளப் வரலாற்றிலேயே முதல் தடவையாக மேல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு வந்தது. கடைசி ஆட்டம். ஊரே மைதானத்தில் இருந்தது. முடியப்போகும் நேரம், யாரும் நெருக்காதபோது, அவர் பந்தைப் பின்னால் நின்ற தன் கோல்கீப்பருக்குத் தட்டினார். தட்டு மெதுவாகப் போய்விட்டது. எதிரணிக்காரன் குறுக்கே பாய்ந்து கோல் போட்டுவிட்டான்.

"நான் பார்க்கவில்லை" என்றார். "தட்டுவதற்கு முன்னால் பார்க்கவில்லை."

மறுநாள் ரொட்டிக் கடையில் யாரும் அவரிடம் பேசவில்லை. அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. அந்த மாதமே சிலி நாட்டுக் கிளப் ஒன்றுக்குப் போனார். அங்கிருந்து பெரு. அங்கிருந்து இந்தோனேசியா. கல்யாணம் செய்தார், மகள் பிறந்தாள், கல்யாணம் முறிந்தது. விடுமுறைக்குக்கூட அந்த ஊருக்குப் போகவில்லை.

"ஒரே ஒரு பாஸ். இங்கே வரைக்கும் என்னை உருட்டிக்கொண்டு வந்துவிட்டது. நீ மலேசியாவுக்குப் போ என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் அந்தப் பந்து வழுக்கிக்கொண்டே இருக்கும்."

இதையும் தட்டியிடம் சொன்னேன். மா கின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டிக்கு அப்புறமிருந்து கோ தெட் பேசினார்:

"அந்தக் கோல்கீப்பர் என்ன ஆனார்?"

நான் கேள்வியை அனிபாலிடம் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"தெரியாது" என்றார். "நான் விசாரிக்கவே இல்லை."

கோ தெட் வெளியே வந்தார். முகம் கழுவாமல், மேலே சட்டை இல்லாமல், லுங்கியோடு வந்து பாயில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். அடுத்த பருவம் அவர்தான் எங்கள் கேப்டன். மறுபடி மேலே ஏறினோம். அந்த மாலை உங்களுக்கு நினைவிருக்கும். லாரியின் மேல் நின்று அனிபாலும் கோ தெட்டும் ஆடிய ஆட்டத்தை நகரமே பார்த்தது. பிறகு வந்த வருடங்களில் இரண்டு முறை கோப்பையின் இறுதிக்குப் போய்த் தோற்றோம். அவரைத் தேடிப் பெரிய கிளப்புகள் ஆள் அனுப்பின. அவர் போகவில்லை.

பிறகு அந்த அழைப்பு வந்தது. ஆற்றங்கரை ஊரின் அதே கிளப், இன்னமும் கீழ்ப் பிரிவிலேயே கிடந்த கிளப், அவரைப் பயிற்சியாளராக வரச்சொல்லிக் கேட்டது. மகள் லூசியாவும் வளர்ந்து அந்த ஊர்ப் பக்கமே ஆசிரியையாக இருந்தாள்.

ஒரு சாயங்காலம் கிடங்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தார். ஸ்டிராண்ட் சாலையைக் கடந்து ஆற்றோரம் போய் உட்கார்ந்தோம். அக்கரைக்குப் போகிற படகுகள் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "போகட்டுமா?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டவரில்லை. என் மனசில் இருந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"உங்க ஊர் கூப்பிடுது. போங்க."

"போகாதே என்று சொல்வாய் என்று நினைத்தேன்."

"சொன்னா இருந்துடுவீங்களா?"

அவர் யோசித்தார். "இருந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்."

"அதனாலதான் சொல்லல" என்றேன்.

என் தோளில் கை போட்டுக்கொண்டார். படகு விளக்குகள் எரியும் வரைக்கும் அப்படியே இருந்தோம். 

போனதும் சில வாரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை, எனக்குக் காலை, அவருக்கு முந்தின நாள் ராத்திரி உணவு நேரம், தொலைபேசியில் அவர் முகம் தெரிந்தது. அழுதிருக்கிறார், சிரித்திருக்கிறார், எது முதலில் என்று சொல்ல முடியாத முகம்.

"செல்வம், யாருக்கும் ஞாபகம் இல்லை."

"எது?"

"அந்தப் பாஸ். அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறது. தோற்றது ஞாபகம் இருக்கிறது. எப்படித் தோற்றோம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நடுவர் மோசம் என்கிறான் ஒருவன். காற்று என்கிறான் இன்னொருவன். ரொட்டிக் கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்கிறார்."

 கோ தெட் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கோல்கீப்பரைப் பார்த்தீர்களா என்றேன்.

பார்த்திருந்தார். அதற்காகத்தான் அழைத்திருந்தார். அந்த ஆள் ஊரை விட்டுப் போகவே இல்லை. ஆற்றில் மணல் படகு ஓட்டுகிறார். மைதானத்துப் பக்கம் மட்டும் அன்றிலிருந்து போவதில்லை. அனிபால் அவர் வீட்டுக்குப் போய், மன்னித்துவிடு, என் பாஸ் மெதுவாக இருந்தது என்று சொன்னாராம். அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தாராம்.

"அவன் சொன்னான்: 'உன் பாஸில் என்ன இருக்கிறது? நான் ஓர் எட்டு முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக ராத்திரி படுத்தால் அந்த ஓர் எட்டுதான்.' செல்வம், அவன் அது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் என் தப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். அவன் தன் தப்பைத் தூக்கிக்கொண்டு அதே ஊரில் இருந்திருக்கிறான். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால்..."

 பிறகு அனிபால் அந்த மனிதரை மைதானத்துக்கு அழைத்துவந்து, கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கிளப்பை மேல் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆட்டத்தை நானும் கோ தெட்டும் பாயின் கடையில் உட்கார்ந்து, இணையத்தில் அடிக்கடி நின்றுபோன படத்தில் பார்த்தோம். முடிந்ததும் அனிபால் யாரோடும் துள்ளவில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற படகுக்காரரிடம் நடந்துபோனார். அங்கே படம் நின்றுவிட்டது. "ஐயோ, இப்பவா நிக்கணும்!" என்று பாய் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

இங்கே அதற்குள் எல்லாம் மாறிப்போயிருந்தது. கொரோனாக் காலத்தில் ஆட்டங்கள் நின்றன. பிறகு வந்த காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிளப் கலைந்தது. பையன்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். கோ தெட் டாக்ஸி ஓட்டுகிறார்.

அனிபாலின் அழைப்புகளில் வேறு ஒன்று சேர்ந்துகொண்டது. ஊரில் இருந்துகொண்டே ரங்கூனைக் கேட்க ஆரம்பித்தார். மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் விற்கும் கடை இன்னும் அதே முனையில் இருக்கிறதா? மழை தொடங்கிவிட்டதா? மா கின்னின் மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள்? இங்கே இருந்தவரைக்கும் உருகுவேயைப் பற்றி இப்படித்தான் கேட்பார், பதில் சொல்ல ஆளில்லாமல். அவருக்கு நோய் கண்ட பிறகு கேள்விகள் அதிகமாயின. உடம்பு கொஞ்சம் தேறினால் வந்துவிடுவேன் என்பார். லூசியா பின்னாலிருந்து தலையை ஆட்டுவது தெரியும்.

கடைசியாகப் பேசியபோது, "என்னை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். காலை நேரம். தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஸ்டிராண்ட் சாலையைக் கடந்து நடந்தேன். மூட்டை தூக்குகிறவர்களைக் காட்டினேன். படகுத்துறைப் பலகையில் பழம் விற்கிற பெண்களைக் காட்டினேன். வழியில் போனவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தண்ணீருக்கு அருகில் போனதும், "பேசாமல் பிடித்துக்கொள்" என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை வலித்தது. ஒரு படகு ஊதிக்கொண்டு கிளம்பியது. திரையைத் திருப்பிப் பார்த்தபோது அவர் கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே மிச்சமிருக்கிற நாங்கள் தின்கன்ஜூனில் ஒரு மைதானத்தில் கூடினோம். இரங்கல் கூட்டம் நடத்த யாருக்கும் தெரியவில்லை. ஆடுவோம் என்று பாய்தான் சொன்னார். புதுப் பந்து கொண்டுவந்திருந்தார். கோ தெட் டாக்ஸியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, லுங்கியை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு முழு அணிக்கு ஆள் தேறவில்லை. வந்தவர்கள் அவரவர் பழைய இடத்தில் போய் நின்றோம். நடுவில் யாரும் போகவில்லை.

"ஏம்ப்பா, நடுவுல ஆளில்லாம எப்படி ஆடுவீங்க?" என்று ஓரத்திலிருந்து பாய் கத்தினார். "செல்வம், நீ போயேன்."

நான் ஆயுள் முழுக்க இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன். என் ஒரு பக்கம் எப்போதும் சுண்ணாம்புக் கோடு. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள். நடுவில் நின்றபோது முதல் தடவையாக எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். பந்து என்னிடம் வந்ததும் நாலா பக்கமும் கைகள் உயர்ந்தன. எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். கொடுத்ததும் மற்றவர்களின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் அனிபால் நின்றிருந்தார். அங்கிருந்து மகள் கூப்பிட்டாள், இங்கிருந்து நாங்கள் கூப்பிட்டோம்.

கை தூக்குகிறவர்களுக்குப் பந்து கொடுப்பது சுலபம் என்பார் அனிபால். கூப்பிடாமல் நிற்பவனைப் பார்த்து, அவனுக்கும் ஒன்று அனுப்புவார். தட்டிக்குப் பின்னால் இருந்தவரைத் தேடிப் போனதும் மணல் படகுக்காரரின் கதவைத் தட்டியதும் அதுதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம் ஒன்றுதான். நன்றாகப் படிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முயல்கிறேன்.

அன்றும் பந்து மறுபடி என் காலுக்கு வந்தபோது தலையை நிமிர்த்தி, கூப்பிடாமல் நிற்பது யார் என்று தேடினேன். வயதானவர்களும் மூச்சு வாங்குபவர்களுமாக எல்லாருமே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல் இருந்தவர் அனிபால் ஒருவர்தான்.